விஷுவல் பேசிக் 6: ஓட விடுவதா, ஓய்வு கொடுப்பதா?

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி நிறுத்தியது. அடுத்த கிழமை திருகோணமலை நகருக்குள் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மகள் செய்தியைப் படித்துக் காட்டியிருக்கிறாள். மனிதருக்கு அன்று இரவு தூக்கம் இல்லை.

"தம்பி, நீ எழுதித் தந்த பில் புரோகிராம் இன்னும் எத்தினை வருசம் ஓடும்?"

2003 இல் படிப்பு முடிந்த சூட்டோடு, மைக்ரோசொஃப்ட்டின் விஷுவல் பேசிக் 6 என்ற நிரல் மொழியில் நான் எழுதிக் கொடுத்தது அது. எனக்கு அப்போது 22 வயது. இப்போது புரோகிராமுக்கு 22 வயது.

"ஓடும் ஐயா, அதிலே பிரச்சினையில்லை."

"அப்ப எதிலேதான் பிரச்சினை?"

உடனே பதில் வரவில்லை. இரண்டு கிழமை தவணை கேட்டு, இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிண்ணியாவில் ஓர் அரிசி ஆலை, தம்பலகாமம் பக்கம் ஒரு சங்கக் கடை என்று இதே காலத்துப் புரோகிராமை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் உதவும் என்று அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் வயதுப் பேச்சை ஓரமாக வைப்போம். பைதன் முதன்முதலில் வெளிவந்தது 1991 பெப்ரவரியில். விஷுவல் பேசிக்கின் முதல் பதிப்பு வந்தது 1991 மே மாதத்தில். உயர்தரப் பிள்ளைகள் இன்று ஆசையாகப் படிக்கும் பைதன், நான் வெளியே சொல்லக் கூச்சப்படும் மொழியை விட மூன்று மாதம் மூத்தது. சாதாரண தரப் பாடநூலில் இருக்கும் பஸ்கால் 1970 ஆம் ஆண்டுக்காரர். கோபோல் 1959 இல் கருக்கொண்டது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில ஆளுநர், வேலையிழந்தோர் கொடுப்பனவுக் கணினிகளைப் பார்க்கக் கோபோல் தெரிந்தவர்கள் வேண்டும் என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அந்த மொழிக்கு 2023 இல் கூட ஐஎஸ்ஓ புதிய தரநிலை ஒன்றை வெளியிட்டது.

கோபோலுக்குப் பல தொகுப்பிகள் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுபவை) உண்டு, இலவசமாகக் கிடைப்பதும் உண்டு. பைதனின் மூல நிரல், அதாவது ஆள் வாசித்துத் திருத்தக்கூடிய வடிவம், எல்லாருக்கும் திறந்திருக்கிறது. விஷுவல் பேசிக் 6 க்கோ மைக்ரோசொஃப்ட் என்ற ஒரே ஒரு சொந்தக்காரர். 1998 இல் வெளியிட்டார். 2002 இல் அதே பெயரோடு, ஆனால் உள்ளே வேறான விஷுவல் பேசிக் டொட் நெட் என்பதைக் கொண்டுவந்தார். 2005 இல், மைக்ரோசொஃப்ட்டே கௌரவப் பட்டம் கொடுத்திருந்த வல்லுநர்கள் இருநூறு பேருக்கு மேல் கையெழுத்திட்டுப் பழையதைக் கைவிட வேண்டாம் என்று கேட்டார்கள். பலிக்கவில்லை. எழுதும் கருவிக்கான ஆதரவு 2008 ஏப்ரல் 8 ஆம் திகதியோடு முடிந்தது. மூல நிரலையும் வெளியே விடவில்லை.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. பிரித்தானியர் காலத்துத் தாங்கிகளில் 99 இன்னும் நிற்கின்றன. வயதும் அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 14 லங்கா ஐஓசியிடமும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இரண்டும் சேர்ந்த புதிய கம்பனியிடமும் போயின. ஐஓசி வைத்திருந்தவற்றில் பல வருடமாக எண்ணெய் ஏறி இறங்கியது. மற்றவை பற்றைக்குள் நின்று துருப்பிடித்தன. ஒரே வயது இரும்புதான், ஆள் போய்த் திறந்து பார்த்ததும் பார்க்காததும்தான் இடையில் உள்ள வித்தியாசம். என்னுடைய புரோகிராம் எந்த வகைத் தாங்கி என்று பார்க்க ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனேன்.

பற்றைக்குள் நிற்கிற வகைதான்.

மூல நிரலின் ஒரே பிரதி கடைக் கணினியின் டி டிரைவில் இருந்தது. என்னிடம் இருந்த சிடி 2009 ஆம் ஆண்டுக்கு உரியது. அதற்குப் பிறகு செய்த திருத்தங்கள் எதுவும் அதில் இல்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரிக்கான பதிவு எல்லை ஆண்டுக்கு 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனாக இறங்கியது, வீதம் 18 ஆக ஏறியது, கடையும் மறுபடி வலைக்குள் வந்தது. அப்போது நான் போய், 2016 இல் எழுதி வைத்த 15 என்ற எண்ணை ஏழு இடங்களில் தேடித் தேடி மாற்றினேன். எட்டாவது இடம் ஒன்று இருந்ததை ஒரு மாதம் கழித்துக் கணக்காளர்தான் கண்டுபிடித்தார். வீதத்தை ஓரிடத்தில் வைத்து மற்ற இடங்களில் அதன் பெயரை மட்டும் எழுதியிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. மொழிக்கு இதில் பங்கில்லை, 22 வயதுப் பெடியன் செய்த வேலை.

ஆனால் என்னை உண்மையாகவே உட்கார வைத்தது புரோகிராம் இல்லை, அது சேர்த்து வைத்திருந்த தரவு. வாடிக்கையாளர் பெயர், சாமான் பெயர், கடன் கணக்கு எல்லாமே அக்செஸ் என்ற மைக்ரோசொஃப்ட் தரவுத்தள மென்பொருளின் கோப்பு ஒன்றில், பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன.

விஷுவல் பேசிக் 6 உடன் வரும் எழுத்துப் பெட்டிகளும் பொத்தான்களும், எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி இலக்கம் கொடுக்கும் யூனிகோடு முறைத் தமிழைக் காட்டாது. அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாரும் கண்ட வழி பாமினி. திரையில் "அம்மா" என்று தெரியும். கோப்புக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். கணினியைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை. எழுத்துருவைக் கழற்றினால் முழுக் கடையும் ஆங்கிலக் கீறலாக மாறிவிடும்.

சரி, அதற்கு மாற்றிகள் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. பாமினி கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பை முன்னுக்கும் எழுத்தைப் பின்னுக்கும் வைக்கும், யூனிகோடில் எழுத்து முதலில், குறி பிறகு. மாற்றிகள் அதைத் திருப்பிப் போட்டுவிடும். எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது வேறு விஷயம். பாமினியில் "க" என்பது சிறிய எஃப், "கு" என்பது பெரிய எஃப். "அ" சிறிய எம், "ஆ" பெரிய எம். ஒற்றைக் கொம்பு சிறிய என், இரட்டைக் கொம்பு பெரிய என். அக்செஸ் தரவுத்தளமோ பெயர்களை ஒப்பிடும் போது ஆங்கிலச் சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் வேறுபாடு பார்க்காது.

இப்போது கணேசன் என்றும் குணேசன் என்றும் இரண்டு வாடிக்கையாளர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பாமினியில் இரண்டு பெயருக்கும் இடையில் இருப்பது அந்த எஃப் ஒன்றுதான். அக்செஸ் கண்ணுக்கு இருவரும் ஒரே ஆள். திரையில் பார்க்கும் போது விஷுவல் பேசிக் சரியாகப் பிரித்துக் காட்டும், ஏனென்றால் அதன் ஒப்பீடு இயல்பாக எழுத்தை எழுத்தாகவே பார்க்கும். மாதக் கடைசியில் தரவுத்தளத்திடம் பெயர்வாரியாகக் கூட்டித் தா என்று கேட்டால் இரண்டு பேருடைய கடனும் ஒன்றாகிவிடும். வாடிக்கையாளருக்கு இலக்கம் கொடுத்திருக்க வேண்டும். 2003 இல் நான் பெயரையே அடையாளமாக வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இது திருகோணமலை. கல்லாவுக்கு முன்னால் ஒரே நேரத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் நிற்கும். கந்தளாயிலிருந்து வருகிற மேசனுக்குச் சிங்களத்தில் பில் கொடுக்க வேண்டுமென்றால், பாமினிக்குள் சிங்களம் போகாது. அதற்கு இன்னொரு எழுத்துரு, தரவுத்தளத்தில் தரவு நிரப்ப இன்னொரு கட்டம் (புலம்), எந்த வரிக்கு எந்த எழுத்துரு என்று நினைவு வைக்க இன்னொரு குறி வேண்டும். காசாளர் சிங்களப் பெயர்களை எல்லாம் ஆங்கிலத்தில் தட்டிச் சமாளித்திருக்கிறார். ஒரே பெயர் நாலு விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. யூனிகோடில் மூன்று மொழியும் ஒரே புலத்துக்குள் சண்டையில்லாமல் இருக்கும். கடையை இந்த இடத்தை விட்டு நகர்த்த எனக்கு இருக்கும் பெரிய காரணம் இதுதான், வயதோ ஆதரவுத் திகதியோ இதற்குப் பிறகுதான்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

அப்படியே விட்டுவிடுவது என்ற வழியை எல்லாரும் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடுவார்கள். நான் தள்ளமாட்டேன். எழுதும் கருவிக்குத்தான் ஆதரவு முடிந்தது. எழுதிய புரோகிராமை ஓட்டும் அடிப்படைக் கோப்புகளை விண்டோஸ் 11 உம் தன்னோடு கொண்டுதான் வருகிறது, அந்த விண்டோஸுக்கு ஆதரவு இருக்கும் வரை அவற்றுக்கும் ஆதரவு உண்டு என்பது மைக்ரோசொஃப்ட்டின் வாக்கு. 1998 இல் வந்த கருவியில் செய்தது 2025 இல் வாங்கிய மடிக்கணினியில் மறுபேச்சில்லாமல் ஓடியதை நானே பார்த்தேன். புதிய மொழிக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். பைதன் 2 இல் எழுதியவர்கள் 2020 ஜனவரி 1 ஓடு நடுவழியில் நின்றது மறந்துபோகிற கதை இல்லை.

ஆனால் கடைக் கணினி விண்டோஸ் 11 க்கு ஏறாது. இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். கடையில் இருப்பது அதற்கும் முந்தியது. புதிய கணினி வாங்கினால் அதில் அகலமான பழைய பிரின்டர் துளை இருக்காது. கடையின் டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர் அந்தத் துளையில்தான் இருக்கிறது, நானும் அந்தத் துளையின் பெயரைச் சொல்லியே நேராக அனுப்புகிறேன். அதைத் திருத்தலாம், அரைநாள் வேலை. எனக்குக் கவலை வேறு: அந்த அரைநாள் வேலையைச் செய்ய நான் உயிரோடும் ஊரோடும் இருக்க வேண்டும். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலிருந்து கணினி படித்து வரும் பிள்ளைகளிடம் இந்த மொழியைக் காட்டினேன். ஒருத்தி மட்டும் "எக்செல் மெக்ரோ மாதிரி இருக்கே" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். எக்செலுக்குள் இருக்கும் விபிஏ இதன் கூடப்பிறந்தது, இன்னும் நல்ல உயிரோடு இருக்கிறது. ஆகவே வாசித்து விளங்கிக்கொள்ள ஆள் கிடைக்கும். திருத்தி மறுபடி தொகுத்துக் கொடுக்கத்தான் பழைய கருவி வேண்டும், அதைப் புதிய விண்டோஸில் ஏற்றுவது ஒரு தனிச் சடங்கு.

பழைய விண்டோஸ் எக்ஸ்பியை மெய்நிகர் கணினியாக உள்ளே ஓட விடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். துருப்பிடித்த தாங்கியைச் சுற்றிக் கண்ணாடிக் கூடு கட்டுகிற வேலை. பிரச்சினை ஒன்றும் தீராது, பிரின்டர் மட்டும் இன்னும் தூரமாகும். தள்ளிவிட்டேன்.

மூன்றாவது வழி ட்வின்பேசிக். பெயரே சொல்கிறது, பழைய மொழிக்கு இரட்டைப் பிள்ளை. பழைய மூல நிரலை அப்படியே உள்வாங்கி 64 பிட்டிலும் தொகுத்துத் தரும், யூனிகோடும் காட்டும். ஓர் இரவு என் புரோகிராமைக் கொடுத்துப் பார்த்தேன். பெரும்பகுதி திறந்தது, எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் வருடக்கணக்காக பீட்டா (சோதனை) பதிப்புகளாகத்தான் வந்துகொண்டிருக்கிறது, பெரும்பாலான வேலை ஒரு தனி மனிதரின் தோளில் இருக்கிறது. ஒரே சொந்தக்காரர் என்பதுதான் விஷுவல் பேசிக்கின் நோய் என்று மேலே சொன்னேன். ஒரு பெரிய கம்பனியை விட்டு ஒரு சிறிய இடத்தில் போய் அதே நோயோடு இருப்பதற்குக் கடையின் பணத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அரிசி ஆலைக்காரருக்கு இதையே சொல்வேனா? அவருடைய புரோகிராம் முழுக்க ஆங்கிலத்தில், தரவு சிறியது, இரண்டு மூன்று வருடம் தள்ளினால் போதும் என்கிறார். அவர் முயன்று பார்க்கலாம்.

நான்காவது, விஷுவல் பேசிக் டொட் நெட். பெயர் ஒன்று என்பதால் பலர் இதைத்தான் இயல்பான அடுத்த படி என்று நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் பழையதைப் புதியதாக மாற்றும் கருவி ஒன்றை மைக்ரோசொஃப்ட்டே சேர்த்துக் கொடுத்தது, 2010 பதிப்போடு அதையும் எடுத்துவிட்டது. மொழிக்குள்ளேயும் ஒரே சொல்லுக்கு வேறு பொருள். இதை நான் உடம்பால் அறிவேன்.

2005 இல், சுனாமிக்குப் பிறகு, கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று எல்லாப் பக்கமும் வீடு கட்டத் தொடங்கினார்கள். கடையில் சீமெந்தும் கூரைத் தகரமும் நிற்காமல் போயின. ஒரு நாள் பின்னேரம், ஆட்கள் வரிசையில் நிற்கும் போது, பில் போட முடியாமல் "ஓவர்ஃப்ளோ" என்று ஒரு பெட்டி வந்து நின்றது. முதலாளி கையால் பில் எழுதத் தொடங்கிவிட்டார். நான் சைக்கிளில் ஓடிப் போய்ப் பார்த்தால், கடைசிப் பில் இலக்கம் 32,767. பழைய விஷுவல் பேசிக்கில் இன்டீஜர் என்ற வகை 16 பிட், அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் கொள்ளாது. சுனாமி வராமல் இருந்திருந்தால் அடுத்த வருடம் நடந்திருக்கும், அவ்வளவுதான். டொட் நெட்டில் அதே இன்டீஜர் 32 பிட், இருநூறு கோடிக்கு மேல் போகும். இந்த மாற்றம் நல்லதுதான், ஆனால் எல்லா மாற்றமும் இப்படிச் சத்தம் போட்டு வராது. அதுதான் பயம்.

அப்புறம், இந்த மொழியும் இளமையானது இல்லை. மொழியாக இதை மேலும் வளர்க்கும் எண்ணம் இல்லை என்று 2020 மார்ச்சில் மைக்ரோசொஃப்ட் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஓடும், ஆதரவு இருக்கும், வளராது. பெரியப்பா வீட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போவது போல. இவ்வளவு பாடுபட்டு அங்கே போய் இறங்க வேண்டுமா?

ஆயத்தமாகக் கிடைக்கும் பில் மென்பொருள் வாங்குவதைப் பற்றி முதலாளியின் மகள் கேட்டாள். மாதக் கட்டணம், எல்லாம் இணையத்தில். புதிதாகத் தொடங்கும் கடைக்கு நான் இதையே சொல்வேன். இங்கே 22 வருடக் கடன் கணக்கு இருக்கிறது, கம்பியை அடிக்கணக்கிலும் கிலோக்கணக்கிலும் விற்கிற பழக்கம் இருக்கிறது, நெருங்கிய மேசன்மாருக்கு வேறு விலை இருக்கிறது. அந்த விதிகளை இன்னொருவருடைய பெட்டிக்குள் அடக்கப் போனால் கடைதான் சுருங்கும். தரவை வெளியே எடுக்கக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்பதையும் முதல் நாளே கேட்க வேண்டும்.

கடைசியாகப் புதிதாக எழுதுவது. பிஎச்பியா, பைதனா, சி ஷார்ப்பா?

வளாகத்துப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு இணைய வடிவம் என்றார்கள். கடைக்குள்ளேயே ஒரு சிறிய சேவையகம் வைத்தால் வெளி இணையம் இல்லாமலும் ஓடும் என்பது சரி. எனக்குத் தயக்கம் இரண்டு இடத்தில். முதலாவது காசாளர். பதினைந்து வருடமாக மவுசைத் தொடாமல், எஃப் 2 அழுத்திப் பெயர், எஃப் 5 அழுத்திச் சாமான், என்டர், என்டர் என்று பியானோ வாசிக்கிற மாதிரி பில் போடுகிறவர். உலாவியில் எஃப் 5 என்றால் பக்கமே புதிதாகத் திறக்கும். இதைத் தடுக்கலாம், வளைக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒட்டுப் போட வேண்டும். மேசைக் கணினிப் புரோகிராம் என்றால் அந்த விரல்களை அப்படியே வைத்திருக்கலாம். காலை எட்டு மணிக்குச் சீமெந்து ஏற்ற லொறி நிற்கும் போது ஒரு பில்லுக்குப் பத்து வினாடி கூடினால் என்ன நடக்கும் என்று கல்லாவில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது சதம். விஷுவல் பேசிக் 6 இல் பணத்துக்கென்றே கரன்சி என்று ஒரு வகை உண்டு, தசமத்துக்குப் பின் நான்கு இடம், பிசகாது. சி ஷார்ப்பில் டெசிமல் அந்த வேலையைச் செய்யும். பைதனிலும் தனித் தொகுதி ஒன்று உண்டு. பிஎச்பியில் அப்படி மொழிக்குள்ளேயே பிறந்த வகை இல்லை, நீட்சி ஒன்றைச் சேர்க்க வேண்டும். முழுமையாக்குவதிலும் வேறுபாடு இருக்கிறது. 2.5 ஐ முழு எண்ணாக்கு என்றால் விஷுவல் பேசிக் 6 இன் ரவுண்ட் 2 என்று சொல்லும், சரிபாதியாக வந்தால் இரட்டை எண் பக்கம் போவது அதன் வழக்கம். சி ஷார்ப்பும் பைதன் 3 உம் சொல்லாமல் விட்டால் அதே 2. பிஎச்பி 3 என்று சொல்லும். பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கும் நாளில் இந்தச் சதங்கள் ஆளைப் பைத்தியமாக்கும்.

ஆகவே சி ஷார்ப். இதிலும் ஒரு முள் இருக்கிறது, மறைக்கக் கூடாது. சி ஷார்ப் ஓடுவது மைக்ரோசொஃப்ட்டின் டொட் நெட் தளத்தில், அதன் நீண்ட ஆதரவுப் பதிப்பு என்று சொல்வதற்கே மூன்று வருடம்தான் ஆயுள். 2023 நவம்பரில் வந்த 8 ஆம் பதிப்புக்கு 2026 நவம்பரில் ஆதரவு முடிகிறது. 2025 நவம்பரில் வந்த 10 ஆம் பதிப்பு 2028 வரை. 27 வருடம் அசையாமல் நின்ற ஒன்றை விட்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டும் ஒன்றிடம் போகிறோம். முதலாளிக்கு இதைச் சொன்ன போது "இதென்ன தம்பி, வாகன லைசன்ஸ் மாதிரி" என்றார். எனக்கு முதலில் இது குறையாகத்தான் பட்டது. பிறகு யோசித்தால், இந்தக் கடைக்குத் தேவையானதே இதுதான். பெரும்பாலும் பதிப்பு இலக்கத்தை மாற்றி, மறுபடி தொகுத்து, ஒரு நாள் ஓட்டிப் பார்க்கிற வேலை. ஆனால் அதற்காக யாராவது ஓர் ஆள் மூல நிரலைத் திறந்தாக வேண்டும், திறந்தால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். எதுவும் கேட்காத மொழியாக இருந்ததால்தான் நானும் டி டிரைவில் போட்டுவிட்டு மறந்தேன்.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் ஒரே இரவில் மாற்றித் தருமே என்று மகள் கேட்டாள். சில பக்கங்களைக் கொடுத்துப் பார்த்தேன், அழகாகத்தான் மாற்றியது. ஆனால் என் பழைய நிரலில் பல இடங்களில் "ஒன் எரர் ரெசியூம் நெக்ஸ்ட்" என்று ஒரு வரி இருக்கிறது. பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று பொருள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், யுபிஎஸ் தீர்ந்து கணினி அணைந்து அணைந்து அக்செஸ் கோப்பு இரண்டு முறை சிதைந்தது. திருத்திய பிறகு சில பில்களில் சாமான் வரிகளே இல்லை. அந்த ஒற்றை வரி அதையெல்லாம் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. எது வேண்டுமென்றே விழுங்கியது, எது தவறி விழுங்கியது என்று எழுதியவனுக்கே நினைவில்லை. கருவி எதை வைத்துத் தீர்மானிக்கும்? மொழியை அது மாற்றும், எண்ணத்தை நான்தான் நினைவுபடுத்த வேண்டும். நான் இருக்கும் போதே செய்ய வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலாளியிடம் நான் வைத்த யோசனை ஒரே பாய்ச்சலில் மாறுவது இல்லை. முதலில் தரவு. பழைய பாமினிப் புலத்தைத் தொடாமல், பக்கத்தில் யூனிகோடுக்கு ஒரு புலம், வாடிக்கையாளருக்கு ஓர் இலக்கம். பழைய திரை பழைய புலத்தைப் பார்க்கட்டும், புதிதாக எழுதுவது எல்லாம் புதிய புலத்தைப் பார்க்கட்டும். அடுத்தது அறிக்கைகளும் வரிக் கணக்கும் சி ஷார்ப்பில், ஏனென்றால் அவற்றை மாதக் கடைசியில் ஆறுதலாகச் சரிபார்க்கலாம். பில் போடும் திரை கடைசியில், அதுவரை விஷுவல் பேசிக் 6 புதிய விண்டோஸ் 11 கணினியில் தன் பாட்டில் ஓடட்டும். புதிதாக ஒரு வரியும் அதில் எழுதுவதில்லை. மூல நிரல் மூன்று இடத்தில், ஒன்று மகளிடம். எனக்கு மாலை நேரங்களில் ஒன்றரை வருட வேலை.

"பில் திரையை முதலிலே மாத்தினா நல்லா இருக்குமே" என்று மகள் சொன்னாள். புதியது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத பெயர் வேலைக்குப் பணம் கொடுப்பது முதலாளிக்கும் கசப்பாகத்தான் இருந்தது. அக்செஸ் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர்களை மட்டும் பிரித்து ஒரு பட்டியல் எடுத்துக் காட்டினேன். முதல் பக்கத்திலேயே கணேசனும் குணேசனும் இருந்தார்கள்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், கல்லாவுக்குக் கீழே இருந்து அட்டை கிழிந்த கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். கணினி வந்த பிறகும் அவர் கையால் கடன் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார், எனக்கு இத்தனை வருடமும் தெரியாது. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இவன் உப்புவெளிக் குணேசன். இந்தக் காசைக் கணேசனிட்ட கேட்டுப் போட்டன், தம்பி. பாவம், அவன் ஒண்டும் பேசாமல் கட்டிட்டுப் போனவன்."

பட்டியலில் இன்னும் நாலு பக்கம் இருந்தது. மகள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பெயரை வாசிக்கத் தொடங்கினாள்.